பன்னிரண்டு நிமிடம் முந்திய கடிகாரங்கள்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். கேட்பவர் மீது அல்ல, ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாத என் மீதே. கம்ப்யூட்டர் வேலை என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்காரர் மை காய்ந்துபோன பிரின்டரைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். விளக்கமாகச் சொன்னாலோ, பாதியிலேயே அவருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

முடிந்தவரை சுருக்கமாகச் சொல்லிப் பார்க்கிறேன். விண்டோஸ் ஓடுகிற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஏஜென்ட் என்று ஒரு குட்டி புரோகிராமை உட்கார வைக்கிறோம். நிமிடத்துக்கு ஒருமுறை பெங்களூருவில் இருக்கும் எங்கள் சர்வரைக் கூப்பிட்டு, நான் உயிரோடு இருக்கிறேன், டிஸ்க்கில் இவ்வளவு இடம் மிச்சம், மெமரி இவ்வளவு செலவு என்று சொல்லிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. சொன்னால் எங்கள் திரையில் அந்த மெஷினுக்கு எதிரே பச்சை விளக்கு. ஐந்து நிமிடம் பேச்சில்லை என்றால் சிவப்பு. சிவப்பைப் பச்சையாக்குவது என் பிழைப்பு.

இதை ஒருமுறை என் அப்பாவிடம் சொன்னேன். இருபத்தெட்டு வருடம் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர். கேட்டுவிட்டு, "அட, டோக்கன் போர்டு," என்றார். ஷாஃப்டுக்குள், அதாவது சுரங்கக் கிணற்றுக்குள், இறங்குகிற ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன் உண்டு. ஷிப்ட் முடிந்த பிறகும் அது போர்டில் தன் இடத்துக்குத் திரும்பவில்லை என்றால், ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று தேடிப் போவார்களாம். மகள் பெரிய ஆபீசர் என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அவள் டோக்கன் கிளார்க்தான் என்று தெரிந்ததில் சின்ன ஏமாற்றம் இருந்திருக்கலாம்.

இந்த வேலையை இரண்டு வருடமாக மாரிகுப்பத்தில் என் வீட்டிலிருந்தே செய்கிறேன். அதற்கு முன்னால் ஒன்பது வருடம் ரயிலில் பெங்களூருவுக்குப் போய் வந்தேன். எங்கள் ஊரில் பாதிப் பேரின் கதை இதுதான் என்பதால் யாரும் இதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. விடிவதற்கு முன்னால் வண்டியில் ஏறி, வண்டியிலேயே தலை பின்னி, வண்டியிலேயே பீன்ஸ் நறுக்கி, சண்டை போட்டு, சமாதானமாகி, இருட்டிய பிறகு அதே வண்டியில் தூங்கி விழுந்துகொண்டு திரும்புவோம்.

அந்த வண்டியைப் பிடிப்பதற்காகவே எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைப்பது. சுரங்கம் ஓடிய காலத்தில் ஊர் முழுவதற்கும் ஒரே நேரம்தான். ஷிப்டுக்குச் சங்கு ஊதும், கடிகாரம் இல்லாத வீட்டில்கூட உலை வைக்கிற நேரம் பிசகாது. சுரங்கம் மூடி, சங்கும் நின்று, எல்லாரும் வண்டிக்கு ஓட ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு வீடும் தனக்கென்று ஒரு நேரம் வைத்துக்கொண்டது. எதிர்வீட்டில் பத்து நிமிடம் முன்னால். அதற்கு அடுத்த வீட்டில் அரை மணி நேரம் முன்னால், அந்த வீட்டுக்காரர் எதையும் பெரிதாகச் செய்கிறவர். தெருவில் மணி கேட்டால், "எங்க வீட்ல ஏழரை," என்றுதான் பதில் வரும். நம் வீட்டில் எத்தனை என்று நாமே கூட்டிக் கழித்துக்கொள்ள வேண்டும்.

என் வீட்டில் பன்னிரண்டு நிமிடம். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. பத்து நிமிடம் தள்ளி வைத்தால் மனம் சட்டென்று கழித்துவிட்டு மறுபடி போர்வைக்குள் போய்விடும். பதினைந்தும் அப்படியே. பன்னிரண்டைக் கழிக்க மட்டும் காலை நேரத்தில் மனத்துக்குச் சோம்பல் வரும், கணக்குப் போடுவதைவிட எழுந்து ஓடுவது சுலபம் என்று தோன்றிவிடும். இதை வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்த எல்லாருக்கும் நான் உபதேசம் செய்திருக்கிறேன். எனக்கு உபதேசம் செய்வது மிகவும் பிடிக்கும். ஒரு தடவைகூட வண்டியை விட்டதில்லை என்பதால் கேட்கிறவர்களும் கேட்டுக்கொண்டார்கள்.

வண்டியைத்தான் விடவில்லை. மற்றதெல்லாம் விட்டேன். என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அவளுடைய ஏழு வயதுவரை வாரத்தில் ஆறு நாள், அவள் தூங்கும்போது கிளம்பி அவள் தூங்கிய பிறகு திரும்பினேன். அவளுக்கு முதல் பல் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அதைத் தீப்பெட்டியில் வைத்து எனக்குக் காட்டினாள். ஐந்து நாள் அந்தத் தீப்பெட்டியை யாரும் தொடவிடாமல் பத்திரமாக வைத்திருந்தாளாம். அன்று நான் சிரித்துக்கொண்டே பார்த்துவிட்டு, குளிக்கப் போகிற சாக்கில் போய் நன்றாக அழுதேன்.

அதனால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி சொன்னபோது, எனக்குச் சம்பளம் ஏறியதுபோல் இல்லை, ஆயுள் ஏறியதுபோல் இருந்தது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலில் நான் நிற்கிறேன். எங்கள் வீட்டு நேரப்படி நாலு இருபதுக்கு வருவாள். இந்த நாலு இருபதை யாராவது என்னிடமிருந்து பிடுங்கப் பார்த்தால் நான் கடித்துவிடுவேன். சென்ற மாதம் ஒரு வாரம் அப்படி ஒரு ஆபத்து வந்தது.

நான் பார்த்துக்கொள்ளும் மெஷின்களில் இருபத்தாறு எங்கள் ஊரிலேயே இருக்கின்றன. ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்கிற வேலை. எல்லாரும் பெண்கள், பாதிப் பேர் பங்காரப்பேட்டை பக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள். நோயாளிகளின் விவரம் வெளியே போகக்கூடாது என்பதால் வாசலிலேயே போனை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அந்த ஆபீஸுக்கு இன்சார்ஜாக இருக்கும் பெண் எனக்குத் தெரிந்தவள்தான். ஆறு வருடம் என் பக்கத்து சீட்டில் வந்தவள், என்னைவிட நாலைந்து வயது இளையவள், என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற சில ஜீவன்களில் ஒருத்தி.

அவளுக்கு நான் இரண்டு சலுகைகள் செய்திருந்தேன். பிரின்டர் மாற்றும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாமல் இருக்க, எல்லா மெஷின்களுக்குமான அட்மின் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தேன். கொடுக்கக்கூடாது, கொடுத்தேன். இன்னொன்று, ஒரு தடவை ஏஜென்ட் தூங்கிப்போனபோது அதைத் தட்டி எழுப்பும் வித்தையைப் போனிலேயே சொல்லிக்கொடுத்திருந்தேன். விண்டோஸில் சர்வீஸ் என்று ஒரு பெரிய பட்டியல் உண்டு, பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் எல்லா வேலைகளும் அதில் வரிசையாக இருக்கும். வேண்டியதைத் தேடிப் பிடி, நிறுத்து, மறுபடி ஓட விடு. அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நல்ல பிள்ளை என்று பாராட்டினேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை திரையைத் திறந்தால் ஊரிகத்தில் ஆறு சிவப்பு. ரிமோட்டில், அதாவது வீட்டில் உட்கார்ந்தபடியே, அந்த மெஷின்களுக்குள் போய்ப் பார்த்தேன். மெஷின் நன்றாக இருக்கிறது. இன்டர்நெட் இருக்கிறது. ஏஜென்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் சர்வரிடம் பேசவில்லை. செத்துப்போனதை எழுப்பிவிடலாம். உயிரோடு கண்ணை விழித்துக்கொண்டு உட்கார்ந்து, வாயை மட்டும் திறக்காமல் இருப்பதை என்ன செய்வது? கல்யாணமான எல்லாருக்கும் இந்த நிலைமை தெரியும்.

நிறுத்தி ஓடவிட்டேன். மெஷினையே அணைத்துப் போட்டேன். ஆன்டிவைரஸ் குறுக்கே நிற்கிறதோ என்று அதைக் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்திப் பார்த்தேன். ஏஜென்ட் எழுதி வைக்கிற லாக் ஃபைலைத் திறந்தால், உன் சாவி செல்லாது என்று சர்வர் விரட்டுகிற வரி பக்கம் பக்கமாக இருந்தது. அப்படியானால் ஏஜென்ட் தன்னை அடையாளம் காட்டுகிற சாவிதான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, புதுச் சாவி போட்டு ஏஜென்டையே புதிதாக நிறுவினேன். அது பிறக்கும்போதே சிவப்பாகப் பிறந்தது.

செவ்வாய்க்கிழமை பதினொன்று சிவப்பு. எனக்குக் கோபம் வந்தால் நியாயம் அநியாயம் தெரியாது. ஏஜென்ட் தயாரித்த கம்பெனிக்கு நான் எழுதிய ஈமெயிலை இப்போது படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. இன்டர்நெட் கொடுப்பவரைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவர் பாவம், எதற்கு என்று கேட்காமலேயே மன்னிப்புக் கேட்டார், பழக்கம். பிறகு இன்சார்ஜைக் கூப்பிட்டு, ஏதாவது புதிதாகச் செய்தீர்களா என்று விசாரித்தேன். ஒன்றும் செய்யவில்லை, மெஷினெல்லாம் ஜோராக ஓடுகிறது, எங்களுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை என்றாள். அவள் சொன்னது அத்தனையும் அவளுக்கு உண்மை. சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுகிறாயே, அந்தப் புகை மெஷினுக்குள் போகிறதா என்றுகூடக் கேட்டேன். மறுநாளிலிருந்து அவள் ஊதுபத்தியை வாசலுக்கு வெளியே வைத்தாளாம்.

செவ்வாய் மாலை மானேஜர் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. பெங்களூருக்காரர், மெதுவாகப் பேசுகிறவர், அதனால்தான் அவர் பேச ஆரம்பித்தால் எனக்குப் பயம். சிவப்புப் பட்டியலை அந்த ஆபீஸின் தலைமையிடத்திலிருந்து பார்த்துவிட்டார்களாம். வீட்டிலிருந்து வேலை செய்வது உங்கள் விஷயத்தில் சரிப்படவில்லையோ என்று யோசிக்கிறேன் என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் இருபத்தாறும் பச்சையாக வேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் பெங்களூருவுக்கு வந்து எங்கள் முன்னால் உட்கார்ந்து வேலை செய்யுங்கள் என்றார்.

யோசித்துப் பாருங்கள். என் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத்தில் இருக்கிற கம்ப்யூட்டரைச் சரி செய்ய நான் விடியுமுன் எழுந்து ரயிலேறிப் பெங்களூருவுக்குப் போக வேண்டும். அங்கே போய் உட்கார்ந்து ஊரிகத்தை எட்டிப் பார்க்க வேண்டும். இதை அவரிடம் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சரி சார் என்றுதான் சொன்னேன். போனை வைத்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்டாள். ஆபீஸ் என்றேன்.

புதன்கிழமை சிவப்பு பத்தொன்பது. அன்றைக்கு என் மூளையில் ஒரு நல்ல யோசனை வந்தது. மெஷினின் கடிகாரம் தப்பாக இருந்தால் சாவி செல்லாமல் போகும். ஏஜென்ட் அனுப்பும் ஒவ்வொரு தகவலிலும் அனுப்பிய நேரம் இருக்கும், சர்வர் தன் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஐந்து நிமிடத்துக்குமேல் வித்தியாசம் இருந்தால் யாரோ ஏமாற்றுகிறான் என்று நினைத்து வெளியே தள்ளிவிடும். இது என் தொழிலில் அரிச்சுவடி. முதல் நாளே பார்த்திருக்க வேண்டும், அவசரத்தில் விட்டிருந்தேன். ரிமோட்டில் ஊரிகத்து மெஷினுக்குள் போனேன். அதன் திரை என் லேப்டாப் முழுவதையும் மூடிக்கொண்டது. மூலையில் அதன் கடிகாரம் பத்து நாற்பத்தொன்று என்று காட்டியது. தலையைத் தூக்கிச் சுவரில் என் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நாற்பத்தொன்று.

நேரம் மிகச் சரி என்று நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டேன். இதைப் படிக்கிறவர்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். சம்பளம் வாங்குகிற எனக்கு இன்னும் ஒரு நாள் ஆயிற்று.

வியாழக்கிழமை நேரிலேயே போய்விடுவது என்று கிளம்பினேன். மெஷின் பார்க்க வந்தவள் என்பதால் என் போனை மட்டும் வாசலில் வாங்கவில்லை. காலையிலிருந்து ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து பார்த்தேன். அறையில் பேச்சே கிடையாது, கீபோர்டு சத்தம் மட்டும்தான். எல்லார் காதிலும் ஹெட்போன். ஜன்னலுக்கு வெளியே வண்டி கூவிக்கொண்டு போனாலும் ஒருத்தி தலைகூடத் திரும்பாது. நான் போட்ட சத்தம்தான் அதிகம். ஒரு மெஷினின் மூடியையே கழற்றிவிட்டேன், உள்ளே பார்க்க எதுவும் இல்லை என்று தெரிந்தும். கோபம் வந்தால் எதையாவது கழற்ற வேண்டும் எனக்கு.

சாப்பாட்டு நேரம் வந்தது. எல்லாரும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். இன்சார்ஜ் என்னையும் இழுத்து உட்கார வைத்துத் தன் புளிசாதத்தில் பாதியைக் கொடுத்தாள். ஒரு மணிக்குக் கூப்பிடுவதாக மானேஜர் சொல்லியிருந்தார், அதனால் நான் திரை மூலையில் ஒரு கண் வைத்தபடி வேகமாகச் சாப்பிட்டேன். அவர் விஷயத்தில் ஒரு மணி என்றால் ஒரு மணி. நொடி தப்பாது. சாப்பிட்டு முடித்து, இரண்டு பெண்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த கொய்யாவை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு அதையும் தின்று, இன்சார்ஜ் டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்தபோதுதான் என் போன் அடித்தது. மானேஜர்.

இவர் இன்றைக்கு ஏன் இவ்வளவு தாமதம் என்று போனைப் பார்த்தேன். சரியாக ஒரு மணி. எதிரே இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஒன்று பன்னிரண்டு. மறுபடி போனைப் பார்த்தேன்.

மானேஜரிடம் அரை மணி நேரம் கழித்துக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, இன்சார்ஜிடம் போய்த் திரையின் மூலையைக் காட்டினேன்.

"இன்னா டைம் இது?"

"நம்ம டைம்தான்க்கா," என்றாள், பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே. "வீட்ல வெச்சிகினு கீறோமே, அதே கணக்குதான்."

பிறகு விவரமாகச் சொன்னாள். பங்காரப்பேட்டைப் பெண் ஒருத்தி ஒரே வாரத்தில் இரண்டு தடவை சாயந்திர வண்டியை விட்டுவிட்டாளாம். ஹெட்போன் போட்டிருந்தால் வண்டிச் சத்தம் கேட்பதில்லை, கையில் போன் இல்லை, சுவரில் கடிகாரம் இல்லை. இன்னொரு தடவை வீட்டுக்கு நேரம் கழித்து வந்தால் வேலைக்கே போக வேண்டாம் என்று அவள் மாமியார் சொல்லிவிட்டார். அவர்கள் கண்ணில் படுகிற ஒரே கடிகாரம் திரை மூலையில் இருப்பது. அதனால் முதலில் வண்டிக்குப் போகிறவர்கள் உட்காரும் ஜன்னல் வரிசையில் மட்டும் நேரத்தைத் தள்ளி வைத்தாள். ஒரே அறையில் இரண்டு நேரம் இருந்ததும் சாப்பிடப் போவதில் குழப்பம் வந்தது. ஆகவே தினம் ஒரு வரிசையாக மற்ற மெஷின்களையும் மாற்றிக்கொண்டு வந்தாள். யாரையும் ஏமாற்றவில்லை, காலையிலும் பன்னிரண்டு நிமிடம் முன்னாலேயே உட்கார்ந்துவிடுகிறோம் என்றாள்.

விண்டோஸ் தானாகவே நேரத்தைச் சரி செய்துகொள்ளுமே என்று கேட்டேன். ஆமாம், முதல் நாள் அப்படித்தான் மறுபடி பின்னால் போய்விட்டது என்றாள். அப்புறம் நான் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்ததாம். நோட்டைப் பார்த்து, நான் கொடுத்த பாஸ்வேர்டைப் போட்டு, சர்வீஸ் பட்டியலைத் திறந்து, டைம் என்று பெயர் உள்ளதைத் தேடிப் பிடித்து, மறுபடி எழுந்திருக்க முடியாதபடி நிறுத்திவிட்டாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"பன்னெண்டுன்னு யாரு சொன்னது உனக்கு?" என்று கேட்டேன். வேறு யாராவது பெயர் வரும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

"நீங்கதான்க்கா. வண்டில சொல்லிகினே வருவீங்களே, பத்து வெச்சா மனசு கழிச்சிடும், பன்னெண்டு வெய்யின்னு."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். திட்டுவதற்கு ஆள் கிடைத்ததும் திட்டலாம் என்று நான்கு நாளாகச் சேர்த்து வைத்திருந்த அத்தனை வார்த்தையும் கைவசம் இருந்தது. பாஸ்வேர்டு என்னுடையது. வித்தை என்னுடையது. பன்னிரண்டும் என்னுடையது. அவள் செய்ததெல்லாம் நான் சொன்னதை அப்படியே கேட்டதுதான். சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்க ஆரம்பித்ததும் அவளுக்கு விஷயம் புரியாமல் பயம் வந்தது. விளக்கிச் சொன்னதும் அவள் முகம் சுண்டிப்போனது, கண் கலங்கிவிட்டது.

நேரத்தைச் சரி செய்கிற சர்வீஸை இருபத்தாறு மெஷினிலும் மறுபடி எழுப்பிவிட்டேன். கடிகாரங்கள் ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு நிமிடம் பின்னால் குதித்தன. நான் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு ஒவ்வொன்றாகப் பச்சையானது. நாலு நாளாக வாய் திறக்காமல் இருந்த ஏஜென்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன. அன்றைக்கு மானேஜரைக் கூப்பிட்டு, எல்லாம் பச்சை, காரணத்தை நாளைக்கு எழுதி அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அப்போது இன்சார்ஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள். தன் பெயரை எழுத வேண்டாம் என்று இல்லை. அந்தப் பங்காரப்பேட்டைப் பெண் வண்டிக்கு என்ன செய்வாள் என்றுதான் கேட்டாள்.

சாயங்காலம் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவுக்குப் போய்ப் பெரிய எண்கள் போட்ட சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் பேட்டரி போட்டுச் சரியான நேரம் வைத்துக் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வையுங்கள் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. எவ்வளவு என்று மட்டும் கேட்டார். வெள்ளிக்கிழமை காலையில் அதைக் கொண்டுபோய், ஹெட்போனோடு நிமிர்ந்தால் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்டினோம். மெஷினெல்லாம் அரசாங்க நேரம், சுவரில் எங்கள் நேரம்.

வீட்டுக்கு வந்து மானேஜருக்கு எழுத உட்கார்ந்தேன். எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை. விண்டோஸ் அப்டேட்டால் வந்த கோளாறு என்று ஒரு வரி எழுதினால் போதும். உலகத்தில் எல்லாரும் அதை நம்புவார்கள், என்னையும் இன்சார்ஜையும் தவிர ஒருவருக்கும் உண்மை தெரியாது. பாஸ்வேர்டை வெளியே கொடுத்தேன் என்று எழுதினால், திங்கட்கிழமை விடியுமுன் நான் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியிருக்கும். அந்த ஒரு வரியை எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். நான் உபதேசம் செய்கிறவள். நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளதைச் சொல் என்று இருபத்தாறு மெஷின்களை மிரட்டிக்கொண்டிருக்கிறவள். எழுதுவதைவிடப் பேசிவிடலாம் என்று போனை எடுத்தேன்.

ஒன்று விடாமல் சொன்னேன். பாஸ்வேர்டு, சர்வீஸ் வித்தை, பன்னிரண்டு நிமிடத் தத்துவம், புதன்கிழமை போட்ட அடிக்கோடு எல்லாவற்றையும். முடித்ததும் அவர் பாஸ்வேர்டு பற்றி மெதுவான குரலில் நெடுநேரம் பேசினார். அதில் ஒரு சொல்லுக்குக்கூட என்னால் மறுப்புச் சொல்ல முடியாது. இன்றைக்கே எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும், இனி வாரம் ஒருமுறை ஊரிகத்துக்கு நேரில் போக வேண்டும் என்றார். பெங்களூரு பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் பச்சையாக வேண்டும் என்றேன், ஆகிவிட்டது, அப்புறம் என்ன என்றார். வைக்கும்போது, உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் இப்போது மணி என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே சுவரில் அதே கடிகாரம். மூன்று ஐம்பது காட்டிக்கொண்டிருந்தது, உண்மையில் மூன்று முப்பத்தெட்டு. இரண்டு வருடமாக நான் எந்த வண்டியும் பிடிக்கவில்லை. பிறகு எதற்காக இது இன்னும் முன்னால் ஓடுகிறது என்று அப்போதுதான் யோசித்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது, தினம் பார்க்கிறேன். இந்த ஏற்பாடு நிலைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, அதுதான் உண்மை. என்றைக்கு வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள், மறுபடி ஓட வேண்டியிருக்கும் என்று மனத்தில் ஒரு மூலை தயாராகவே இருந்திருக்கிறது. ஸ்டூலைப் போட்டு ஏறி, கடிகாரத்தைக் கழற்றி, தூசியைத் துடைத்து, முள்ளைப் பன்னிரண்டு நிமிடம் பின்னால் திருப்பி மாட்டினேன்.

மகள் வந்தாள். பையைக் கழற்றிக்கொண்டே வழக்கம்போல் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு எட்டு.

"ம்மா, இன்னிக்கி சீக்கிரம் வந்துட்டேனா?"

இல்லை, எப்போதும் வருகிற நேரம்தான், கடிகாரத்தைத்தான் சரி செய்தேன் என்றேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நீ திரும்ப டிரெயினுக்குப் போவ மாட்டியா? அது ஃபாஸ்டாவே கீதேன்னு, நீ போயிடுவன்னே நெனச்சிகினு இருந்தேன்."

இரண்டு வருடமாக அவளும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

"போவ மாட்டேன்," என்றேன்.